இந்த மெமரி போதும் என்றேன்

எண்பதுகளின் கடைசியில், இறால் விற்ற பணத்தில் பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள எங்கள் மீனவர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். பட்டம் பெற்றவன் நான் ஒருவனே என்பதால், மெமரி எவ்வளவு வேண்டும் என்று மெட்ராஸ் கடைக்காரர் என்னிடம்தான் கேட்டார். "640 கே போட்டுக்கிட்டா நல்லது சார்" என்றார். விவரம் கேட்க வெட்கப்பட்டு, "எங்களுக்கு 256 போதும்" என்று சொல்லிவிட்டேன்.

ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடலாம் என்ற முறையைப் பாடு என்போம். பாடு உள்ளவர்களின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, மெமரி நிறைந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. என் தவறு தெரிந்துவிடுமே என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. தட்டிய பெயர்கள் உள்ளே போயிருக்கும் என்று நம்பி அச்சடித்து ஒட்டினேன். வழக்கமாகக் கரையில் பெயர்களைக் கூவிப் படிப்போம்; அன்று அதையும் செய்யவில்லை.

மறுநாள் காலை ஏரி நடுவில் ஒரே கூச்சல்.

"காயிதத்துல உன் பேரே இல்ல. வலையத் தூக்குபா!" என்றான் எதிர்ப் படகுக்காரன்.

"எங்க நைனா காலத்துப் பாடு இது. மிசினு வாணாம்னா எம்புள்ளைங்க துன்ன வாணாமா?" என்று மாரி துடுப்பை ஓங்கினான். எதிர்ப் படகுக்காரன் மாரியின் வலையை அறுக்கக் கத்தியை எடுத்துவிட்டான்.

நான் படகில் விரைந்து, "மாரி பேர விட்டது நான்தான், என் தப்பு!" என்று கத்தினேன். நல்லவேளை, அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"நேத்தே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றான் மாரி.

இப்போது கம்ப்யூட்டர் வாங்கப் போனால், என்ன வேலைக்கு என்பதை முழுவதும் சொல்லி, எவ்வளவு மெமரி பிடிக்கும் என்று கேட்ட பிறகே வாங்குகிறேன். திரையில் புரியாத எழுத்து வந்தால், உடனே பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன்.