பம்புக்குள் இருந்த தாள்

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காருக்கு உயிர் இருந்தது. இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலாயாவில், தங்காக் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எட்டு வயதில், அந்தக் காரின் மூச்சைக் காதால் கேட்டவள் நான்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பாதான் அதன் டிரைவர். பெரியவர்கள் பால் வெட்டப் போனதும் நான் கார் கொட்டகைக்கு ஓடிவிடுவேன். அவர் சாவியைத் திருப்புவார். எஞ்சின் இன்னும் ஓடியிருக்காது. ஆனால் முன்மூடிக்குள்ளிருந்து டிக் டிக் டிக் என்று வேகமாக ஒரு சத்தம் வரும். போகப்போக நிதானப்பட்டு நின்றுவிடும். பின்னால் தொட்டியில் இருக்கும் பெட்ரோலைக் கரண்டால் இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பம்பு அது. யாரும் தொடாமல் தானாகக் குடிக்கிறது, வயிறு நிறைந்ததும் தானாக நிறுத்துகிறது. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு நாளும் எனக்குப் புல்லரிக்கும்.

சில நாள் சத்தம் வராது. சித்தப்பா திருப்புளிப் பிடியால் ஒரு தட்டுத் தட்டுவார், வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் பம்பின் கறுப்புத் தொப்பியைக் கழற்றுவார். உள்ளே கடுகளவு இரண்டு உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு தடித்த தாள் துண்டைச் செருகி மெல்ல இழுப்பார். தாளில் கரி படிந்து வரும்.

“இதுங்க ரெண்டும் தொட்டாத்தான் கரண்டு ஓடும். நடுவுல தூசி இருந்தாக்கூட பம்பு செத்துரும்” என்பார்.

அன்றைக்கு நான் போனபோது தொப்பி ஏற்கனவே கழன்றிருந்தது. தாளைச் செருகினார். இழுக்கவில்லை. வெளியே நீட்டிய நுனியைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தொப்பியை மாட்டினார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள், கூலிகளை வேலை வாங்குகிற பெரிய கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“என் வீட்டுல இருந்தவ ஓடிட்டா. தங்காக்ல பத்து மணிக்கு மூவார் பஸ்ஸு. அதுக்குத்தான் போயிருப்பா. தொரை காரைக் கொண்டு போகச் சொல்லிட்டாரு. எடு.”

ஓடிப்போனது என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. கங்காணி வீட்டில்தான் சமைத்துக்கொண்டு, அங்கேயே தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து எனக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிடுவாள். கழுத்தில் எப்போதும் முந்தானையைச் சுற்றியிருப்பாள். ஒரு நாள் விலகியபோது அங்கே சூடுபட்ட தழும்பைப் பார்த்தேன். வடிகஞ்சி தெறித்தது என்றாள். அவள் போய்விட்டாள் என்றதும் இனி யார் எனக்குத் தலை பின்னுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் சித்தப்பா இருக்கிறார், கார் இருக்கிறது. கூட்டி வந்துவிடுவார்.

“மூவார்ல ஆத்தைத் தாண்டிட்டா அப்புறம் பிடிக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டே கங்காணி ஏறினான்.

டிக் சத்தம் வரவில்லை. ஆனாலும் கார் கிளம்பியது. எஞ்சின் பக்கத்துக் கிண்ணத்தில் மிச்சமிருந்த கொஞ்சம் பெட்ரோல்தான் அதை இழுத்துப் போனது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. நான் ஓடினேன்.

சித்தப்பா சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினார், பெட்ரோலைத் துப்பினார். சல்லடையைக் கழுவினார். பம்பையே கழற்றி அடிப்பக்கத்துத் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். உள்ளேயிருந்து வட்டமாக ஒரு மெல்லிய சவ்வு வந்தது, பின்னாலேயே ஒரு வில் சுருள். அந்தச் சவ்வு ஏறி இறங்கித்தான் பெட்ரோல் வருகிறது. நான் பிளந்த வாயை மூடவில்லை. கங்காணி மட்டும் குதித்துக்கொண்டிருந்தான்.

“காரு ஓட்டறேன்னு மீசையை முறுக்கிட்டுத் திரிஞ்சியே, இப்ப என்னாச்சு?”

“நீங்க வேணா தள்ளுங்க கங்காணி. தங்காக் இங்கேருந்து ஆறு மைலுதான்.”

எல்லாவற்றையும் திறந்தவர் கறுப்புத் தொப்பியை மட்டும் தொடவே இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

“சித்தப்பா, தொப்பியத் தொறங்க. காலையில தாளு...”

கன்னத்தில் விழுந்தது. பெட்ரோல் நாற்றமடிக்கிற கை. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை.

“பொட்டக்குட்டி, மெக்கானிக்கு வேலைக்கு வந்துட்டா” என்று கங்காணி சிரித்தான்.

துரை நடந்தே வந்து சேர்ந்தார். “பம்பு செத்துப்போச்சு தொரை. சிங்கப்பூர்லேருந்து புதுசுதான் வரணும்” என்றார் சித்தப்பா. துரை தலையாட்டினார். கங்காணி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போனான். மத்தியானம் செம்மண் அப்பிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தான்.

எட்டாம் நாள் புதுப் பம்பு வந்தது. எண்ணெய்த் தாளைப் பிரித்ததும் பித்தளை தகதகவென்றிருந்தது. லயமே கூடி நின்றது. சித்தப்பா அதைப் பொருத்தி, ஒயரை முறுக்கி, சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக். கிழவர்கள்கூட ஒரு அடி பின்னால் போனார்கள். நான் கும்பிட்டேன். துரை சித்தப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய பம்பு சாகவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத்தான் தெரியும். தாளை மறந்து உள்ளேயே விட்ட மடையன், அதை மறைக்க என்னை அடித்தான், பாராட்டும் வாங்கிக்கொண்டான் என்று நினைத்தேன். ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வருஷம் முழுவதும், கார் மட்டும் ஓடியிருந்தால் சின்னம்மாவை ஆற்றுக்கு இந்தப் பக்கமே பிடித்துக் கூட்டி வந்திருக்கலாமே என்று படுக்கையில் அழுவேன். கூட்டி வந்திருந்தால் அவளை எந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.