சத்தம் நின்ற படத்துக்கு வாசித்த பிள்ளைகள்

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் வசிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் இலவசமாக வயலின் சொல்லித் தருகிறேன். கொஞ்ச நாளாக அவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒரு ஞாயிறு, வயலின் வித்வானைப் பற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வகுப்புச் சுவரில் போட்டுக் காட்டினேன்.

பாதிப் படத்தில், மீன் விற்கும் கஸ்தூரி அக்கா தன் மகள் செல்வியை அழைத்துப்போக வந்துவிட்டார்.

"இத்த கத்துகினு இன்னா பண்ணப் போறா டீச்சர்? இனிமே ஞாயித்துக்கிழமைல என்கூட கடையாண்ட இருக்கட்டும்."

செல்வி என்னைப் பார்த்தாள். படத்தில் அப்போதுதான் கச்சேரி ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் நின்றுபோனது. சுவரில் வித்வானின் வில் மட்டும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

செல்வி சட்டென்று தன் வயலினை எடுத்தாள். தனக்குத் தெரிந்த ஒரே கீதத்தை அந்த வில்லின் வேகத்துக்கு வாசிக்கத் தொடங்கினாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். சுருதி பிசகவே இல்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வாசித்து முடித்ததும் பிள்ளைகள் ஹோவென்று கத்திக் குதித்தார்கள். கஸ்தூரி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இம்மாம் நல்லா வாசிப்பியாடி நீ? கடைய நான் பாத்துக்கறேன். நீ வாசி கண்ணு!"

ஆசையை ஊட்டத்தான் நான் படம் போட்டேன். ஆசை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போதெல்லாம் மாதக் கடைசி ஞாயிறில் நான் பாடம் நடத்துவதில்லை. பெற்றவர்கள் முன்னால் பிள்ளைகளின் கச்சேரிதான்.