அக்லாயா சொல்லாமல் விட்டது

தங்கையைப் பற்றிப் பேசாமல் அக்லாயாவால் ஒரு நாளும் இருக்க முடியாது. யாஷ் நகர ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அந்தத் தங்கை ஸ்மராண்டா, எந்த வண்டி எந்த ஊரில் எப்போது நிற்கும் என்பதை எதையும் பார்க்காமல் சொல்லுவாள். ஈஸ்டர் விருந்தில் அதைச் சொல்லிப் பெருமையடித்த அக்லாயா, புகழ்ந்தால் கண் படாமல் இருக்க மூன்று முறை துப்ப வேண்டும் என்ற ஊர் வழக்கத்தை மறந்துவிட்டாள்.

அடுத்த வாரமே ஸ்மராண்டாவுக்குத் தூக்கம் போயிற்று. நிலையத்து ஒலிபெருக்கி தன்னைத் திட்டுகிறது என்றாள். சூப் கிண்ணத்தைச் சுவரில் வீசினாள். மனநல வார்டில் சேர்த்தபோது அவள் வாய் எதையோ மென்றுகொண்டே இருந்தது, வாயில் ஒன்றுமில்லை.

தன் கண்தான் பட்டுவிட்டது என்று அக்லாயா நடுங்கினாள். கண்ணேறு கழியத் தங்கையின் மணிக்கட்டிலும் தன் மணிக்கட்டிலும் சிவப்பு நூல் கட்டினாள். மறுபடி கண் பட்டுவிடுமோ என்ற பயத்தில், அதன்பிறகு தங்கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசவில்லை. டாக்டர்கள் கேட்டபோதும், "அவ சின்ன வயசுலேர்ந்தே மந்தம், ஒரு மாதிரி" என்றாள். நெடுநாள் மனநோய் என்று முடிவுசெய்து மாத்திரை கொடுத்தார்கள். ஸ்மராண்டாவின் உடம்பு கட்டையாக விறைத்தது. பிறகு வலிப்பும் வந்தது.

அக்லாயா தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தாள். புதிதாக வந்த பெண் டாக்டர் வழிமறித்தார்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா. மந்தமான பொண்ணை எப்படி டிக்கெட் கவுன்டர்ல வச்சாங்க?"

"ஏதோ... வச்சாங்க."

டாக்டரின் பார்வை சிவப்பு நூலில் விழுந்தது. "ஓ, அதானா! கண் படக்கூடாதுன்னு எங்கம்மாவும் என்னை அசிங்கம் பிடிச்சவளேன்னுதான் கொஞ்சுவாங்க. நீங்க சொல்லுங்க, நான் துப்பறேன். தூ, தூ, தூ!"

அக்லாயா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எல்லா வண்டியும் மனப்பாடம், டாக்டரம்மா. ஈஸ்டர் வரைக்கும் ஒரு நிமிஷம் தப்பினதில்ல..."

"ஈஸ்டர் வரைக்கும் நல்லா இருந்தாளா? அப்போ இது நெடுநாள் நோயே இல்லியே. இதையா மறைச்சீங்க!"

டாக்டர் வார்டுக்குள் ஓடினார்.

முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கியிருந்தது; அந்த அழற்சிதான் அவளை அப்படி ஆட்டிவைத்தது. மருந்து மாறியது. கோடை கழிந்துதான் ஸ்மராண்டா வீடு திரும்பினாள். அக்லாயாவின் மனம் அப்போதும் அடங்கவில்லை. தினமும் காலையில் சோதித்தாள்.

"புக்கரெஸ்ட் வண்டி எத்தனை மணிக்குடி?"

"ஆறு நாப்பது... இல்ல, அம்பது. நீ எந்த ஊருக்கும் போகப்போறதில்ல, அப்புறம் ஏன்க்கா தினமும் கேட்டு உயிரை வாங்கறே?"

"அம்பதேதான்! உன்னை மாதிரி கெட்டிக்காரி..."

"முதல்ல துப்புக்கா," என்றாள் ஸ்மராண்டா.