கந்தல் லில்லியின் பெயர் திரையில் வந்த கதை

எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரத் தெருவில் லில்லி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கந்தல் லில்லி என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, தோளில் பழந்துணி மூட்டை. துணியைக் கொடுத்தால் பாத்திரம் தருவாள். துணியைப் பார்த்தே அது யார் வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவாள். அந்தப் பட்டப்பெயர் மட்டும் அவளுக்கு வேப்பங்காய்.

எழுபத்திரண்டில் நெசவாளர் கதை எடுக்கிறோம் என்று ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. உடைகளுக்குப் பொறுப்பு யேசுதாஸ். மனிதர் புது வேட்டிகளை டீத்தண்ணீரில் முக்கி, முழங்காலில் மண் தேய்த்துக் காயப்போட்டிருந்தார். பார்த்த லில்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஏம்பா, தறிக்காரரு இன்னா ஏர் ஓட்டவா போறாரு? தறிக்குழியில கால வுட்டுக்கினு குந்தியிருக்கிறவருக்கு முட்டியில எப்படிப்பா மண்ணு வரும்? பின்னாடி தேயும். வயித்தாண்ட தறிமரம் ஒரசி நூலு நூலா போயிருக்கும்.”

இது டைரக்டர் காதில் விழுந்தது. மறுநாள் மதியத்துக்குள் அப்படிப்பட்ட துணி இருபது வேண்டும் என்றார்.

“கொணாறேன். படத்துல எம்பேரு வரணும். வேற ஒண்ணும் வாணாம்” என்றாள் லில்லி. யேசுதாஸ் தலையாட்டினார்.

பழசைக் கொடுத்தால் சினிமாக்காரர்கள் புதுசு தருவார்கள் என்று அன்று மாலையே தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். விடிந்ததும் இருபது வீட்டுத் துணியும் வந்து சேர்ந்தது. எல்லாம் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கிழிசல் தைத்து, மடிப்புக் கலையாமல். எதிர்வீட்டு மணியம்மாள் சாம்பிராணிப் புகைகூடக் காட்டியிருந்தாள்.

“ஊரே பாக்கப்போவுது. எங்க வூட்டு அழுக்கையா காட்டுவாங்க?” என்றாள் அவள்.

லில்லிக்கு அழுகையே வந்துவிட்டது. இதைக் கொண்டுபோனால் பெயரும் போச்சு, மானமும் போச்சு. மூக்கைச் சிந்தியபோதுதான் தெருவெங்கும் தறிச் சத்தம் கேட்டது. துவைத்தது இங்கே இருக்கிறது. தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் இடுப்பில் இருப்பது?

கம்பெனி கொடுத்திருந்த புது வேட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஞ்சாட்சரத்தின் வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் தறிக்குழியில் இருந்தார்.

“அண்ணே, கட்டியிருக்கிறத அவுத்துக் குடுங்க.”

“அடிப்பாவி! இன்னா பேச்சு பேசறே?”

“நான் செவுத்த பாத்துக்கினு நிக்கிறேன். ஏந்திரிக்கவே வாணாம், குழிக்குள்ளியே மாத்திக்குங்க.”

அன்று காலை பத்து ஆண்கள் குழிக்குள்ளேயே வேட்டி மாற்றினார்கள். பத்துப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றினார்கள். உச்சிப்பொழுதுக்குள் மூட்டை போய்ச் சேர்ந்தது.

படம் வந்த அன்று தெருவே கொட்டகையில் இருந்தது. லில்லி கணவன் சாமுவேலோடு முன்வரிசையில். எழுத்து ஓடியது: ‘உடை: யேசுதாஸ், கந்தல் லில்லி.’ மனிதர் யாரிடமோ முழுப்பெயரை விசாரித்திருக்கிறார். தெருவும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. விசில் பறந்தது. லில்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செத்துப்போகலாம் போல இருந்தது அவளுக்கு.

கதாநாயகன் தறிமேல் சாய்ந்து அழுதான். எல்லாரும் கண்ணைத் துடைக்க வேண்டிய நேரத்தில் பஞ்சாட்சரம் துள்ளி எழுந்தார்.

“ஐயோ, அது என் வேட்டி!”

அப்புறம் கதாநாயகனை யார் பார்த்தார்கள்? “அந்தப் பொடவ என்னுது”, “அது எங்க மாமாவுது” என்று ஒரே கூச்சல். லில்லி முந்தானையை மெல்ல விலக்கினாள். திரையில் எங்கள் தெருவே நடந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் கூடையோடு வந்தவளை மணியம்மாள் வாசலுக்கு வந்து வரவேற்றாள்.

“வாம்மா, லில்லி.”

பட்டப்பெயர் ஒட்டிய நாளிலிருந்து அவள் ஏங்கிய அழைப்பு. லில்லி கூடையை இறக்கிவைத்து இடுப்பில் கை ஊன்றினாள்.

“கந்தல் லில்லின்னு முழுசா கூப்புடும்மா. படத்துல அப்படித்தான் போட்டுக்கீது.”