உத்காடனம் ஆகாத கம்ப்யூட்டர்

போன சனிக்கிழமை கேரளத்துப் பொன்முடிப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை — பக்கத்து வீட்டு முத்துலட்சுமி ஓடி வந்தாள்.

“அண்ணா, நர்ஸிங் அப்ளிகேஷன் இன்னிக்கு அஞ்சு மணியோட குளோஸ். போன்ல ரேஞ்சே இல்ல. டவுன் பஸ்ஸும் போயாச்சு. நான் என்ன செய்ய?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் எதன் மேலாவது ‘சப்மிட்’ என்று எழுதியிருந்தால், லயத்தில் என்னைத்தான் தேடுவார்கள்.

எனக்குக் கவலையே இல்லை. ஊரில்தான் புத்தம்புது கம்ப்யூட்டர் மையமும் டிஜிட்டல் நூலகமும் வந்திருக்கிறதே!

போனோம். வாசலில் பெரிய போர்டு: ‘அனைவருக்கும் இலவசம்’. போர்டுக்குக் கீழே பூட்டு. பூட்டுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். சிவப்பு என்று நான்தான் சொல்கிறேன்... மலை மழையில் அது ரோஸ் கலராகிவிட்டது.

சாவி நூலகக் கமிட்டி செக்ரட்டரி தங்கப்பன் அண்ணாச்சியிடம்.

“உத்காடனம் கழியலியேப்பா! மந்திரி வந்து ரிப்பன் வெட்டாம எப்படி உள்ள விட?”

திறப்பு விழாவைத்தான் சொல்கிறார்.

“எப்ப வருவாரு?”

“முதல்ல சட்டசபைன்னாங்க. அப்புறம் முட்டுவலின்னாங்க. இனி புது டேட் கிட்டணும்.”

அதுவரை கம்ப்யூட்டர்கள் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தித் தூங்குகின்றன. அண்ணாச்சி மட்டும் தினமும் பின்வாசல் வழியாகப் போய், தூசி தட்டி, ஒவ்வொன்றையும் ஆன் செய்து ஆஃப் செய்கிறார் — சும்மா கிடந்தால் கெட்டுப்போகுமாம்! நெட் ஓடுகிறது. புத்தகமெல்லாம் உள்ளே இருக்கிறது. படிக்கிற ஆளைத்தான் உள்ளே விடக் கூடாது.

“இவ படிப்பு போயிரும் அண்ணாச்சி.”

“எனக்கும் பொண்ணு இருக்கு, தெரியாதா? ஆனா மந்திரிக்கு முன்னால வேற ஆள் தொட்டதுன்னு அறிஞ்சா கமிட்டி என்னைப் பிடிச்சு வெளிய தள்ளிரும், கேட்டோ!”

முத்துலட்சுமி சர்ட்டிபிகேட் பையை நெஞ்சோடு அணைத்தபடி ரிப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி நாலைத் தாண்டிவிட்டது.

சண்டை போட்டால் தோற்பேன். எனவே பயபக்தியோடு கேட்டேன்.

“அண்ணாச்சி, அன்னிக்கு மந்திரி முன்னால யாராவது ஒரு பிள்ளை அப்ளிகேஷன் போட்டுக் காட்டணும்ல? அந்த நேரம் பாத்து சைட் ஓப்பன் ஆகலைன்னா? டிவிக்காரங்க வேற இருப்பாங்க...”

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது.

“ஐயோ... ரிகர்சல் பாக்கலியே!”

அடுத்த நிமிடம் பின்வாசல் திறந்தது. பெட்ஷீட் பறந்தது.

“வா மோளே. இது உத்காடனம் இல்ல, ரிகர்சல். மறந்துராத.”

மந்திரி வேடம் அண்ணாச்சிக்கு. “இந்த மலைநாட்டு மக்களின் வாழ்விலே...” என்று அவர் முழங்க, அவள் பிளஸ் டூ மார்க்கை டைப் செய்துகொண்டிருந்தாள். ஸ்கேனர் வந்ததும் மந்திரி உரையை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். “நேரா வை மோளே, ஓரம் வெட்டுப்பட்டா திருப்பி அனுப்பிருவாங்க.”

கடைசியில் ஒரு சந்தேகம் வந்தது அவருக்கு.

“நெசமாவே அனுப்பணுமா?”

“அனுப்பாம, கடைசி பட்டன் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?”

நியாயம்தானே?

முத்துலட்சுமி ‘சப்மிட்’டை அழுத்தினாள். சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சை டிக் விழுந்தது! முதலில் கைதட்டியது மந்திரிதான்.

நம்மூரில் ஒரு பொருள் மக்களுக்குப் பயன்படுவதற்கு முன்னால், மக்களுக்கு ‘அர்ப்பணிக்கப்பட’ வேண்டும். அந்த இடைவெளியில் எத்தனை பேருடைய கடைசித் தேதி போனதோ — அதையெல்லாம் எந்த மேடையில் வாசிப்பார்கள்?

நேற்று அண்ணாச்சி பேசினார். மையத்து வைஃபையில், வாட்ஸ்அப் கால். உத்காடனம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டதாம். குரலில் வருத்தமே இல்லை.

“அதுனால தினமும் காலைல இருந்து ரிகர்சல் வச்சிருக்கேன் தம்பி. நல்ல கூட்டம்!”