நடுவில் இருந்த வரி

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அஞ்செட்டிப் பக்கம், பஸ் எட்டிப் பார்க்காத ஓர் ஊரில். அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட, ஐ.டி.ஐ. முடித்த கையோடு அண்ணன் ஓசூர் வந்து வேலையில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்த பிறகே அண்ணியைக் கைப்பிடித்தார்.

வண்டி உதிரிபாகம் வார்க்கும் கம்பெனியில் எக்ஸ்ரே அறை அவருடையது. வார்ப்புக்குள் காற்றுக்குமிழி, விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வேலை. படம் மங்கலாக இருந்தால் ஓகே முத்திரை வைக்க மாட்டார். லாரி காத்துக் கிடந்தாலும், மேனேஜர் கத்தினாலும், "தெரியலன்னா தெரியலதான் சார். திருப்பி வெச்சு இன்னொரு படம் எடுக்கறேன்" என்பார். அப்படி ஒரு பிடிவாதக்காரர்.

நானோ இன்னொரு கம்பெனியில் டிஸ்பாட்ச். பெட்டியோடு வரும் சோதனை ரிப்போர்ட்டில் கடைசி வரியை மட்டும் பார்ப்போம். ஓகே என்றிருந்தால் பெட்டி லாரியில் ஏறிவிடும்.

அண்ணனுக்கு மேல் வயிற்று வலி முதுகுக்குப் பரவி, உடம்பு இளைத்து, புதிதாகச் சர்க்கரையும் வந்தபோது டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எடுத்துவிட்டு அண்ணன் ஷிப்டுக்கு ஓடிவிட்டார். ரிப்போர்ட்டை வாங்கியவள் நான். "என்ன பாப்பா போட்டிருக்குது?" என்று போனில் கேட்டார். கடைசி வரியைப் பார்த்தேன். குறிப்பிடும்படி கோளாறு இல்லை என்றிருந்தது.

"எல்லாம் நார்மல்ணா. வெறும் கேஸுதான்" என்றேன். நிம்மதியாகச் சிரித்தார். டாக்டரிடம் திரும்பிப் போகவேயில்லை. ரிப்போர்ட் என் பீரோவில் கிடந்தது.

ஐந்து மாதம் கழித்துக் கண் மஞ்சளித்தது. பெங்களூரில் ஊசி வழியாக மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். கணையத்தில் புற்றுக்கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார் டாக்டர். நான் கொண்டுபோயிருந்த பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அவர் விரல் தாளின் நடுவில் ஒரு வரியில் நின்றது. குடலில் உள்ள வாயு மறைப்பதால் கணையம் தெரியவில்லை, சி.டி. எடுத்துப் பார்க்கவும் என்று இருந்தது.

"அப்பவே பாத்திருந்தா பொழச்சிருப்பாரா சார்?" என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். வராந்தாவில் அண்ணன் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். "என் ரூமுக்கு வந்திருந்தா இந்தப் படத்த அன்னிக்கே நிறுத்தி வெச்சிருப்பேன்" என்றார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார். "உங்க அண்ணிகிட்ட சொல்லாத பாப்பா. அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா." சரி என்று தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்தான். கடைசியில் மோர்கூட இறங்கவில்லை.

நேரம் பார்க்காமல் பெங்களூருக்கு வண்டி ஓட்டிய கம்பெனி டிரைவருக்கும், ஆஸ்பத்திரியில் எங்களுக்காகக் கன்னடத்தில் பேசி வழிகாட்டிய பக்கத்து வீட்டுத் தளி ஊர்க்கார அக்காவுக்கும், ஷிப்டு மாற்றிக்கொண்டு கூட இருந்த எக்ஸ்ரே அறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னும் ஒன்று உண்டு. "காரமா ஆக்கிப் போட்டே வயித்தக் கெடுத்துட்டா" என்று சொந்தத்தில் சிலர் அண்ணியின் காதுபடவே பேசினீர்கள். பாவி நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவரும் அதை நம்பி, ஒரு வருடமாக வீட்டில் மிளகாயைத் தொடுவதில்லை. பேசுவதானால் இனி என்னைப் பேசுங்கள்.

அண்ணி, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். உங்களுக்கான மலருக்குள் அந்தத் தாளை வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கும் வரியைப் படியுங்கள். என் முகத்தில் விழிக்காவிட்டாலும் போகட்டும், நாளைக்கு அவருக்குப் படைக்கும் குழம்பில் மிளகாய் போடுங்கள்.