பூஜையில் வைத்த பெட்டி

“கரும்பு வெட்ட ஆளில்ல. ஊரே மூட்ட கட்டுது. நீங்க இந்தப் பொட்டியவே கும்பிட்டுக்கினு கெடங்க.”

பிரமிளா இப்படிக் கத்தியபோது புருஷன் சதேந்திரா தலையைக்கூடத் திருப்பவில்லை. டிவியில் ஒரு படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது வளைவில் அது ஏன் நின்று நின்று போகிறது என்பதுதான் அவனுடைய அன்றைய கவலை.

சதேந்திரா ஃபிஜியில் லவுடோகா நகரத்துக் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தான். நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்த ஒரு சின்ன கம்பெனி, கம்ப்யூட்டரில் விற்றுக்கொண்டிருந்த படகுப் பந்தயத்தை டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிக்கு மாற்றித் தரச் சொல்லியிருந்தது. அப்படி மாற்றுவதற்குப் பெயர் போர்ட் என்றான். ஓட்டிப் பார்க்க ஒரு சாம்பல் நிறப் பெட்டியை இரவலாக அனுப்பியிருந்தார்கள். கடையில் கிடைக்காத பெட்டி. அது இல்லையென்றால் எழுதியது ஓடுமா ஓடாதா என்று தெரியாது. வேலை முடிந்தால் ஆட்டத்தின் கடைசியில் அவன் பெயர் வரும், சொந்த ஊரான லோவுவில் உட்கார்ந்தபடியே அடுத்த வேலையும் வரும். நாட்டை விட்டுப் போகாமலிருக்க அவனுக்கு இருந்த காரணம் அது ஒன்றுதான்.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம், இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்ததிலிருந்து லோவுவில் விசாவைத் தவிர வேறு பேச்சில்லை. பிரமிளாவின் அண்ணன் பொன்சாமி ஆக்லாந்திலிருந்து போன் போட்டு வரச் சொல்லிக்கொண்டே இருந்தான். சதேந்திரா இந்த மாசம், அடுத்த மாசம் என்று அக்டோபர் வரை இழுத்தான்.

ஒருநாள் அவள் திட்டித் தீர்த்த பிறகு, கைப்பிடியை அவள் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னான். படகைக் கொண்டுபோய்ப் பாறையில் முட்டினாள். மறுபடி முட்டினாள். மூன்றாம் முறை வளைவைத் தாண்டியதும் வாய்விட்டுச் சிரித்தாள். இது விளையாட்டில்லை, வேலைதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வாரம் ஆயுத பூஜை. மாமனார் அப்பலசாமி வீட்டில் சோறு போடுகிற சாமானையெல்லாம் சாமி முன்னால் வைப்பார்கள். சதேந்திரா கடைக்குப் போயிருந்தான். கரும்புக் கத்தி, மண்வெட்டி, டிராக்டர் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் பிரமிளா சாம்பல் பெட்டியை வைத்தாள். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இத்தனை மாதம் அதைத் திட்டினோமே என்று அதற்கு மட்டும் தாராளமாகவே தெளித்தாள். பெட்டியின் மேல்பக்கம் முழுக்கக் காற்றுப் போகிற துளைகள்.

சாயங்காலம் வந்தவன் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

“தொடாதீங்க. இன்னிக்கு அது சாமியோடது. நாளைக்குப் பூஜ முடிஞ்சிதான் எடுக்கணும்.”

அப்பலசாமியும் நாற்காலியில் இருந்தபடி தலையாட்டினார். உடனே கழற்றித் துடைத்திருந்தால் பிழைத்திருக்கும். அதை அவன் சொல்லியிருக்கலாம். பெட்டி நடுவில் இருப்பதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், கையை மடக்கிக்கொண்டான்.

மறுநாள் பூஜை முடித்து, கழற்றித் துடைத்துக் காயவைத்துத்தான் பிளக்கைச் சொருகினான்; உள்ளே ஊறிய தண்ணீர் அதற்குள் வேலையைக் காட்டியிருந்தது. கருகல் வாடை வீடு முழுக்க அடித்தது.

இன்னொரு பெட்டி கேட்டான். கலவரம் நடக்கிற ஊருக்கு அனுப்ப முடியாது என்றார்கள். புது மாதிரிப் பெட்டி கடைக்கு வரப்போகிறது, பழையதற்கு இனி யாரும் ஆட்டம் வாங்க மாட்டார்கள் என்று அந்தப் போர்ட்டையே கைவிட்டார்கள். மார்ச்சில் இவர்களும் விமானம் ஏறினார்கள்.

ஆக்லாந்தில் சதேந்திரா ஒரு கிடங்குக்குக் காவல் இருந்தான். கல்யாண வீடுகளில் யாராவது அந்த ஆட்டம் என்னாயிற்று என்று கேட்டால், “கூ வந்துச்சு, கெட்டுப்போச்சு” என்று முடித்துவிடுவான். ஆட்சியைக் கவிழ்த்ததற்கு ஃபிஜியில் அதுதான் பேர். பாவம், யார் யார் பாவத்தையோ சுமந்த கூ இதையும் சுமந்தது.

ஒருதரம் காரில் வரும்போது பிரமிளா கேட்டே விட்டாள்.

“எம்மேல சொல்றதுதானே? தண்ணி ஊத்தினவ நான்தானே?”

“நீ மரியாத பண்ணின. அதப் போயி குத்தம்னு எப்பிடிச் சொல்றது?”

சொல்லிவிட்டு முன்னால் போன லாரியைத் திட்ட ஆரம்பித்தான். தன்னை ஒருதரம் அப்படித் திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. திட்டாமலே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

அவன் போன மறு வருஷம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தட்டுகளுக்கு நடுவில் அந்தப் படகு கிடந்தது. அட்டையில் அதே சிவப்புப் படகு, கம்ப்யூட்டருக்கான பழைய ஆட்டம். அவன் மாற்றியது எந்தச் சந்தையிலும் கிடைக்காது. பிரமிளா வீட்டில் கம்ப்யூட்டரும் கிடையாது. தக்காளிக்குக்கூடச் சண்டை போடுகிறவள், இதற்கு வாயைத் திறக்காமல் கேட்டதைக் கொடுத்து வாங்கினாள். மூன்று டாலர்.